வடக்கே போனவன் பங்கு

ஆறு வருடங்களுக்கு முன்னால், டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு தமிழ் மளிகைக் கடையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது இது தொடங்கியது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பூனா, சூரத், நாக்பூர் என்று எத்தனையோ ஊர். ஹோட்டலில் மாவு அரைத்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், நூல் மில்லில் ஒரு விரல் நுனியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஓர் இடத்தில் இரண்டு வருடம் தாண்டினால் எனக்குக் கால் நிற்காது. டெல்லியில்தான் அதிசயமாக நாலு வருடம் இருந்துவிட்டேன்.

லக்ஷ்மிபாய் நகர், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்களுக்குச் சைக்கிளில் சாமான் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. சாமான் லிஸ்ட்டைப் பார்த்தே அந்த வீடு எந்த ஜில்லா என்று சொல்லிவிடுவேன். கருப்பட்டியும் சம்பா மிளகாயும் இருந்தால் திருநெல்வேலிப் பக்கம். கேழ்வரகு மாவு கேட்டால் சேலம், தர்மபுரி. தேங்காய் எண்ணெயை ஐந்து லிட்டர் டின்னில் கேட்டால் நாகர்கோவில். கடை முதலாளி இதை வைத்து வாடிக்கையாளர்களிடம் பந்தயம் கூடக் கட்டுவார்.

எனக்குப் பிடிபடாத வீடு ஒன்றே ஒன்றுதான். லக்ஷ்மிபாய் நகரில் முதல் மாடி. கதவில் பித்தளைப் பலகையில் இந்தியிலும் இங்கிலீஷிலும் ஒரே ஒரு வார்த்தை: புதூர். அந்த வீட்டு லிஸ்ட்டில் ராஜ்மா, ஆட்டா, சாம்பார் பொடி, காப்பிப்பொடி. எந்த ஜில்லாவும் கிடையாது.

வீட்டுக்காரர் மத்திய அரசு ஆபீஸில் இருந்தார். ஓய்வு பெறப் பத்து மாதம் பாக்கி. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரைப் "புதூர் சாப்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் டெல்லிக்கு வந்து குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். வேலையில் சேரும்போது பாரத்தில் குடும்பப் பெயர் கேட்டிருக்கிறார்கள். நமக்கேது குடும்பப் பெயர்? இனிஷியல்தான் உண்டு. தாத்தா தன் ஊர்ப் பெயரை எழுதிவிட்டார். அது அப்பாவுக்கு வந்தது, பிறகு இவருக்கு, பிறகு இவர் மகனுக்கு. நாலு தலைமுறைக்கு அந்தப் பெயர் வந்தது, ஊர் வரவில்லை. தாத்தா அண்ணன் தம்பிகளோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவராம். ஊரைப் பற்றி வாயே திறக்க மாட்டாராம். எந்த ஜில்லா என்று கூட யாருக்கும் தெரியாது.

"ஆபீஸ்ல எல்லாரும் கேப்பாங்க, புதூர் கௌன் ஸி ஜாத் ஹைன்னு. அது ஜாதி இல்ல பாய், ஊருன்னு சொல்வேன். எந்த ஊர்னு கேப்பாங்க. அதுக்கு மேல எனக்கே தெரியாது," என்று சிரிப்பார்.

தாத்தாவிடமிருந்து இன்னொன்றும் அந்த வீட்டுக்கு வந்திருந்தது. யாராவது தட்டில் லட்டோ பூரியோ கொண்டுவந்தால் இவர் உடனே, "என் பங்கு எங்கே?" என்பார். தாத்தா கடுகடு என்று கேட்பாராம். அப்பா விளையாட்டாகக் கேட்டார். இவரும் கேட்டார். ஏன் என்று யாரும் யோசித்ததில்லை.

அந்த வீட்டு அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் டெல்லியில் பிறந்து வளர்ந்தவர். சிறுநீரகம் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காய் வாங்கி வரச் சொன்னால் மார்க்கெட்டில் வாங்கிக்கொடுப்பேன். ஒருநாள் சுரைக்காய் கொண்டுபோனேன். டாக்டர் சுரைக்காய் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்று அவரே முன்னொரு நாள் சொல்லியிருந்தார். பையைத் திறந்து பார்த்தவர் பாம்பைக் கண்டதுபோல் பின்னால் போனார்.

"அய்யோ, லௌக்கியா? வெளிய வை, வெளிய வை. இந்த வீட்டுல நுழையவே கூடாது."

"டாக்டர் சொன்னாருல்லக்கா?"

"டாக்டர் சொல்வாரு. இவங்க குடும்பத்துல அதத் தொட மாட்டாங்க. என் மாமியார் தொட விட்டதில்ல. ஏன்னு கேட்டா, அவங்களுக்கும் தெரியாது."

டெல்லியில் சுரைக்காய் சாப்பிடாத வீடு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அவர்களுக்கு ஒரே மகன். நான் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்குவதற்கு முன்பே, பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்துபோனான். இருபத்திரண்டு வயது. துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்களில் யாரோ, குலதெய்வத்தைக் கைவிட்ட குடும்பம் என்று பேசியிருக்கிறார்கள். அக்காவுக்கு அது நெஞ்சில் மாட்டிக்கொண்டது. ஆனால் மற்றவர்கள் மாதிரி சாமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

"நான் திட்டணும் தம்பி," என்றார். "ஒரு பையன், ஒரே பையன், அவனக் காப்பாத்த முடியாதவரு என்ன சாமி? முகத்துக்கு நேரா கேக்கணும். ஆனா யாருன்னே தெரியாம யாரத் திட்டறது?"

அந்த வருடம் நான் ஊர்ப்பக்கம் போகக் கிளம்பியபோது என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இவர்கள் புதூரைக் கண்டுபிடித்து, அங்கே இருக்கிற குலதெய்வத்தின் திருநீறு ஒரு பொட்டலம் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

சார் சோபாவிலிருந்து தலையைத் தூக்கினார். "பாகல் ஹோ க்யா? பைத்தியமா உனக்கு? தமிழ்நாட்டுல எத்தன புதூர் இருக்குன்னு தெரியுமா உனக்கு? ஜில்லாவுக்கு இருபது இருக்கும்."

"இருக்கட்டும். லௌக்கி சாப்பிடாத புதூர் ஒண்ணுதானே இருக்கும்?"

"நீ ஊர் சுத்தற ஆளுதானே, கொஞ்சம் இதுக்கும் சுத்தேன்," என்று அக்கா என்னிடம் சொன்னார். சரி என்றேன்.

நான் போகாமல் இல்லை. ஆறு நாளில் ஐந்து புதூர் பார்த்தேன். மதுரைப் பக்கம் இரண்டு, விருதுநகர்ப் பக்கம் இரண்டு, திண்டுக்கல் போகிற வழியில் ஒன்று. டீக்கடையில் போய், சுரைக்காய் சாப்பிடாத வகையறா யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். சிரித்தார்கள். ஒருவன், "புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா எங்க வீட்டுல எந்தக் காயும் சாப்பிட மாட்டோம்ணே," என்றான். ஆறாம் நாள் காய்ச்சல் வந்துவிட்டது. செருப்பு அறுந்து, காலில் கொப்புளம். டெல்லிக்கு ரயில் மறுநாள்.

மதுரைக்குத் திரும்பும் வழியில் ஒரு பஸ் ஸ்டாப். அதன் பக்கத்தில், யாருடையது என்றே தெரியாத ஒரு கருப்பசாமி மேடை. தட்டில் திருநீறு இருந்தது. ஒரு கை அள்ளி, கீழே கிடந்த செய்தித்தாளில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போது அது பெரிய தப்பாகத் தோன்றவில்லை. எல்லாம் திருநீறுதானே, அந்த அக்கா மனசு ஆறினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

டெல்லிக்குப் போய், உங்கள் புதூர் கிடைத்துவிட்டது என்று சொல்லிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அக்கா இரண்டு கையாலும் வாங்கினார். ஆனால் திருநீற்றோடு முடியவில்லை. சாமி எப்படி இருக்கும் என்று கேட்டார். பெரிய மீசை என்றேன். என்ன மரம்? வேம்பு. எந்தத் திசை பார்த்து? வடக்கு என்றேன், அவருக்குப் பிடிக்கட்டும் என்று. ஒவ்வொரு தடவை சாமான் போடப் போகும்போதும் புதிதாக ஏதாவது கேட்பார். நானும் புதிதாக ஏதாவது சொல்வேன். குதிரை வந்தது, அரிவாள் வந்தது, கிணறு வந்தது.

பொட்டலத்தை மகன் போட்டோவுக்குக் கீழே வைத்திருந்தார். காலையில் காப்பி குடித்துவிட்டு அதைப் பார்த்துத் திட்டத் தொடங்குவார். "மீசைய முறுக்கிக்கிட்டு வடக்கயே பாத்துக்கிட்டு நின்னியே, என் புள்ள வடக்கதானே இருந்தான்? கண்ணு என்ன பொட்டையா?" என்பார். குதிரை எதுக்கு, விற்றுவிடு என்பார். சார் செய்தித்தாளை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வார். நான் வாசலில் நின்று சிரிப்பேன். திட்டத் திட்ட அக்காவின் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. சோறு இரண்டு பிடி கூடுதலாக இறங்கியது என்று சாரே சொன்னார்.

ஒருநாள் போனபோது அக்கா வாசலிலேயே காத்திருந்தார். கையில் ரயில் டிக்கெட். மூன்று பேருக்கு.

"மதுரை ஆஸ்பத்திரில டயாலிசிஸுக்கு இவரு பேசிட்டாரு. நாம மூணு பேரும் போறோம். ரிட்டயர் ஆனா இந்தக் குவார்ட்டர்ஸக் காலி பண்ணணும். அதுக்கப்புறம் எங்க போறதுன்னு நாங்க யோசிச்சுக்கிட்டே இருந்தோம். இப்பதான் ஊர் கிடைச்சுடுச்சே! நீதான் வழி காட்டணும் தம்பி."

உள்ளேயிருந்து சார் குரல் வந்தது. "ஊர்ல போய் முதல்ல கேப்பேன் பாரு, என் பங்கு எங்கேன்னு!" அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷமான குரலை அதுவரை நான் கேட்டதில்லை.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்து, மறுநாள் காலை கடைச் சாவியை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு சூரத் ரயிலில் ஏறிவிட்டேன். ஓடுவது எனக்குப் புதிது இல்லை. பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடியவனுக்கு ஒரு கடையை விட்டு ஓடுவது பெரிய காரியமா?

இரண்டு வருடம் கழிந்தது. சூரத்தில் உடம்பு ஒத்துவராமல் தமிழ்நாட்டுக்கே வந்து, சிவகங்கைப் பக்கம் ஒரு மைக்செட், லைட் போடுகிறவரிடம் சேர்ந்திருந்தேன். மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டிக் குலதெய்வக் கோயில்களில் கூட்டம் இருக்கும். ஆற்றங்கரையோரம் இருபது வீடுகள் உள்ள ஒரு சின்ன ஊருக்கு எங்களை அனுப்பினார்கள். ஊர்ப் பெயரை நான் கேட்கக்கூட இல்லை. மறுநாள் மத்தியானம் கிடா வெட்டிப் பந்தி. நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நாற்பது வயது இருக்கும், ஒரு பெண் கையில் இலையோடு வந்து கேட்டார்.

"அண்ணே, நீங்க வெளியூருதானே?"

"ஆமா தங்கச்சி."

"அப்ப வாங்க. உக்காருங்க. முதப் பந்தி உங்களுக்குத்தான்."

என்னைத் தனியாக உட்கார வைத்து, சாமிக்கு முன்னால் வைத்திருந்த ஒரு பங்குக் கறியை அப்படியே என் இலையில் கவிழ்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஊர்க்காரர்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பசி. சாப்பிட்டுவிட்டேன். கை கழுவும்போதுதான், ஏன் எனக்கு முதல் பந்தி என்று கேட்டேன்.

"அது வடக்கே போனவுக பங்குண்ணே," என்றார். "எங்க பாட்டன் காலத்துல, கூடப் பொறந்த ஒருத்தரு. இங்க தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. கல்யாணம் ஆனாத்தான் தலைக்கட்டு. அவுக வாலிபம். பந்தில வந்து, என் பங்கு எங்கேன்னு கேட்டாகளாம். உனக்கு ஏதுடா பங்கு, போய்ப் பொண்டாட்டியக் கூட்டிட்டு வான்னு அண்ணமாரு கேலி பண்ணிப்புட்டாக. எந்திரிச்சுப் போனவுகதான். டெல்லியோ, பம்பாயோ. மறு வருசத்துல இருந்து அவுக பங்க எடுத்து வைக்கிறோம். அவுக வரல. அதனால வெளியூர்க்காரவுக யாருக்காச்சும் போட்ருவோம். நம்ம ஆளுக்கு அங்க எவராச்சும் சோறு போடுவாகல்ல?"

கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தேன். "இந்த ஊர் பேரு என்ன தங்கச்சி?" என்றேன்.

"புதூருதான்."

"சுரைக்காய் சாப்பிடுவீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? தொட மாட்டோம். எங்க முப்பாட்டன் வெள்ளத்துல காஞ்ச சுரைக்காயக் கட்டிக்கிட்டு மெதந்து இந்தக் கரை ஏறுனவரு. அதுக்கப்புறம் போட்டதுதான் இந்தப் புதூரு."

"அப்ப பழைய ஊர்?"

"யாரு கண்டா? ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்கனயோ." ஆற்றில் அப்போது மணல்தான் இருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் பஸ் ஸ்டாப் கருப்பசாமியிலிருந்து சொல்ல வேண்டுமே. திருநீறு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்தச் சாமிக்கு மீசையே இல்லை. ஒரு கல், அதன்மேல் மஞ்சள் துணி. அவ்வளவுதான்.

அந்த வாரமே டெல்லிக்கு ரயில் ஏறினேன். கடை முதலாளி என்னைப் பார்த்ததும் தராசிலிருந்து கையை எடுக்காமலே பேசினார்.

"வந்துட்டியா மகராசா. அந்தம்மா போய்ச் சேர்ந்தாச்சு. நீ ஓடின இருபதாம் நாள். டிக்கெட் தேதிக்கு நாலு நாள் இருந்துச்சு. தினம் அவரு இங்க வந்து உன்னக் கேட்டுட்டுப் போவாரு."

சார் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பாலம் ஏர்போர்ட் பக்கம் ஒரு வாடகை அறையில் இருந்தார். கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் மகன் போட்டோ, பக்கத்தில் அக்கா போட்டோ. பித்தளைப் பலகையைக் கதவில் மாட்ட வீட்டுக்காரர் விடவில்லை போலிருக்கிறது, ஜன்னல் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தார். என்னைக் கண்டு கோபப்படவில்லை. "ஆவோ பாய், உயிரோட இருக்கியா? அவ உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டா. உனக்காகவும் அந்தச் சாமிகிட்ட வேண்டிக்கிட்டா," என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் ஸ்டாப், செய்தித்தாள், மீசை, குதிரை. பிறகு ஆறு, சுரைக்காய், பங்கு. பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிப் பிரித்து, மகன் போட்டோவில் ஒரு கோடு வைத்தார். அக்கா போட்டோவுக்கு முன் கை நின்றுவிட்டது.

"யாரத் திட்டணும்னு இப்பதான் தெரியுது," என்றார். "திட்டறதுக்கு ஆள் இல்ல."

பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "அந்தப் பங்க யாரு சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"நான்தான் சார். தெரியாம சாப்பிட்டுட்டேன்."

"அச்சா கியா, நல்லதுதான் செஞ்ச," என்றார். "தெரிஞ்ச ஆள்தானே சாப்பிட்டிருக்கு."

இன்னொரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கூட வாருங்கள், நான் அழைத்துப் போகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "போகணும்னு ஆசப்பட்டது அவ. நான் மட்டும் போய் நின்னு என்ன சொல்றது? தாத்தா கோபம் தீந்துடுச்சுன்னா? நீ ஒண்ணு செய். அடுத்த வருஷம் போய்ச் சொல்லிடு. எனக்கப்புறம் புதூர்னு யாரும் கிடையாது. ஆள் முடிஞ்சு போச்சு, பங்கு வைக்க வேண்டாம்னு சொல்லிடு." சரி என்றேன். அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்ன இரண்டாவது 'சரி' அது.

அடுத்த மாசியில் சொல்வதற்காகத்தான் போனேன். அந்தப் பெண் தூரத்திலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டு, "லைட்டுக்கார அண்ணே, இந்த வருசமும் நீங்கதானா? வாங்க, வாங்க," என்று இலையைப் போட்டார். சாமிக்கு முன்னால் அந்தப் பங்கு தனியாக, மேலே ஒரு வாழை இலை மூடி, காத்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

போன வருடம் அந்த பாலம் அறைக்குப் போன் செய்தபோது வீட்டுக்காரர்தான் எடுத்தார். சார் குளிர்காலத்தில் இறந்துவிட்டார் என்றார். பித்தளைப் பலகை என்ன ஆனது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பெயரில் இனி யாரும் இல்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அதை நான் சொல்லாதவரை ஆற்றங்கரையில் அவர்களுக்கு ஓர் இலை உண்டு; அதனால்தான், எந்த ஊரில் சுற்றிக்கொண்டிருந்தாலும் மாசி மாதம் அங்கே போய், வெளியூர்க்காரனாக உட்கார்ந்து, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.